கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சக்களத்தி

போன வருஷம் மார்ச் மாதம், பெங்களூரு பொம்மனஹள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. பெங்களூரில் வெயிலே தெரியாது என்று எங்கள் தருமபுரிப் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்கிற ஒருவர்கூட உச்சி வெயில் நேரத்தில் என் சமையலறைக்குள் வந்து நின்றதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை கொஞ்சம் ஜாஸ்தி. சின்ன வயசில் அக்காவின் பாவாடைக் கரை என்னுடையதைவிட ஒரு விரல் அகலமாக இருந்தால்கூட அன்றைக்கு நான் சாப்பிட மாட்டேன். ஆனாலும் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து வயிறு எரிவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கிட்னி பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்கிற பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை. அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நாமே நடந்து போகிற மாதிரி படமாக ஓட்டிக் காட்டுவார்களே, அந்த வேலை. யாரோ வாங்கப் போகிற வீட்டின் ஜன்னலில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று நாள் முழுக்க உட்கார்ந்து யோசிப்பார்.

எங்கள் சொந்தக் குடித்தனத்தின் கதை வேறு. சமையலறையில் ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க ஒரு வட்ட ஓட்டை மட்டும் உண்டு. அதிலும் ஃபேன் இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் புறா வருகிறது என்று காலண்டர் அட்டையை வைத்து ஓட்டையை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே நான் கேட்டேன், "ஏங்க, இதுல ஒரு ஃபேன் மாட்டிடலாமா?" என்று. "பார்க்கலாம்" என்றார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். "ஃபேன் ஹாக்கொள்ளி மா, யாரு பேடான்னாங்க?" என்று, தாராளமாக மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டார். வந்து இவரிடம் சொன்னேன். அதற்கும் "பார்க்கலாம்"தான்.

மிளகாய் நெடியில் நான் இருமினால் ஹாலிலிருந்து "தண்ணி குடி" என்று ஒரு குரல் வரும். குரல் மட்டும்தான் வரும், ஆள் வர மாட்டார். இதுதான் எங்கள் வீட்டு நிலவரம்.

இந்த நிலவரத்தில்தான் அவள் வந்தாள். அவள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது, ஒரு படம் முடிவதற்குள் சூடாகி நின்றுவிடுகிறது என்று இவர் புதிதாக ஒன்றைத் தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கறுப்புப் பெட்டி. உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் விசிறிகள். அதற்கு மகுடம் வைத்த மாதிரி ஒரு லிக்விட் கூலர். அது என்ன என்பதை எனக்கு இவர் எத்தனை முறை விளக்கினார் என்றால், இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்ப்யூட்டரின் மூளை மேல் ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் கிளம்பி ரேடியேட்டருக்குப் போகும். கார் முன்னால் இருக்குமே, அதே மாதிரி நீளமான ரேடியேட்டர்தான். சூடான தண்ணீர் ஒரு குழாயில் போய், ஆறி, இன்னொரு குழாயில் திரும்பி வரும். மூளை குளிர்ச்சியாக இருக்கும்.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது என்பதில்தான் மனுஷனுக்கு மாசக்கணக்கில் யோசனை. மேலே மாட்டலாமா, முன்னால் மாட்டலாமா, குழாய் எந்தப் பக்கம் வளைய வேண்டும், எவ்வளவு தொங்கலாம். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ரசத்தைத் தொட்டுப் படம் போட்டுக் காட்டுவார். ஒரு நாள் சாமி அலமாரியிலிருந்து ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, பெட்டியின் முன்னால் நீட்டி, "இங்க வாயேன், புகை எப்படிப் போகுது பாரு" என்று கூப்பிட்டார். புகை முன்பக்கமாக உள்ளே நுழைந்து மேல்பக்கமாக வெளியே போனது. "குளுகுளுன்னு காத்து உள்ள வரணும், சூடு தங்காம மேல போயிடணும். அவ்ளோதான் சூட்சுமம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எங்கள் நிச்சயதார்த்தத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அடுப்படியிலிருந்து முகமெல்லாம் வேர்த்து ஊற்றத்தான் வந்து நின்றிருந்தேன். என் சூடு எந்தப் பக்கம் போகிறது என்று இந்த மனுஷன் ஒரு தரமாவது யோசித்ததுண்டா?

அதன்பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே ஆகாது எனக்கு. அவளைத் துடைக்க ஒரு மெத்தென்ற துணி, தூசி தட்ட ஒரு குட்டி பிரஷ். "கண்ணாடியத் தொடாத, கை ரேகை விழும்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. வடை சுட்ட எண்ணெய்க் கையோடு வேண்டுமென்றே போய் ஐந்து விரலையும் பதித்துவிட்டு வருவேன். இவர் உட்கார்ந்து பொறுமையாகத் துடைப்பார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

முதலில் ரேடியேட்டரைப் பெட்டியின் மேல்பக்கத்தில்தான் மாட்டியிருந்தார். நன்றாகவே ஓடியது. அந்தச் சமயத்தில் திருப்பத்தூரிலிருந்து என் மாமியார் வந்து கொஞ்ச நாள் எங்களோடு இருந்தார். கம்ப்யூட்டர் மேசைக்கு நேர் மேலேதான் எங்கள் சாமி அலமாரி. இருக்கிற இடத்தில் அங்கேதான் அதை வைக்க முடிந்தது. அத்தை வைத்த மல்லிகைச் சரம் மதியத்துக்குள் கருகிப் போனது, விளக்குச் சுடரும் நிற்காமல் ஆடியது. அத்தை அலமாரிக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன் பொட்டி சாமி மேல அனல் ஊதிட்டு இருக்குது. வேற பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா?" என்றார்.

ஒரே ஒரு வாட்டிதான் சொன்னார். அன்று மதியமே இவர் பெட்டியைப் பிரித்துப் போட்டு, ரேடியேட்டரைக் கழற்றி அடிப்பக்கத்தில் மாட்டிவிட்டார். குழாய்கள் இரண்டும் கீழேயிருந்து வளைந்து எழுந்து பம்பைப் போய்ச் சேர்ந்தன. "இதுகூட நல்லாத்தான் இருக்கு, குழாய் ரெண்டும் தோரணம் கட்டின மாதிரி இருக்குல்ல" என்று தள்ளி நின்று ரசித்தார். அத்தைக்கும் திருப்தி.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அத்தை மேல் கோபமில்லை, அவர் சாமிக்காகச் சொன்னார். பெட்டிக்குக் காற்று வர வேண்டும் என்று மாசக்கணக்கில் யோசனை. சாமிக்கு அனல் படக் கூடாது என்று உடனே வேலை. வருஷக்கணக்கில் வேர்வையில் நிற்கிற எனக்கு மட்டும் "பார்க்கலாம்". சாமியைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதுதான். அந்த வாரம் பட்டேன்.

அத்தை ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து அவள் இரும ஆரம்பித்தாள். 'களக் களக்' என்று ஒரு சத்தம். வயிற்றில் வாயு புரள்கிற மாதிரி இருக்கும், உடனே நின்றுவிடும். முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். காதில் சோப்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தார். தோசை சுட்டுக்கொண்டே சமையலறை வாசல் வழியாக அதைப் பார்த்தேன். நான் இருமினால் தண்ணி குடி. அவள் இருமினால் நுரையோடு ஓட்டம்.

நாள் போகப் போக அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. படம் பாதி ஓடும்போது சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிடுவாள். இவர் கரண்ட்டைச் சந்தேகப்பட்டார், மூளைக்கும் பம்புக்கும் நடுவில் தடவுகிற பசையைச் சந்தேகப்பட்டார், ஏதோ சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். ஒன்றும் சரியாகவில்லை. திங்கட்கிழமை கட்டடக் கம்பெனி முதலாளிகளுக்குப் படத்தை முழுசாக ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முகம் வாடிப் போய் உட்கார்ந்திருந்தார். சக்களத்தி படுத்துக்கொண்டாள் என்று உள்ளூர எனக்குக் குஷிதான். இவர் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. குழம்புப் பொடிக்காகக் காய்ந்த மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் மறுபடியும் அதே 'களக் களக்'. அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியும் கையுமாகப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றேன். அவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். அதுவரை முறைத்துத்தான் பார்த்திருந்தேன்.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் பிழைப்பே பம்பும் குழாயும்தான். நோயாளியின் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, சுத்தமாகி, திரும்ப உள்ளே போகும். வழியில் எங்கேயாவது கொஞ்சம் காற்று புகுந்து, அது உடம்புக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே வழியில் செங்குத்தாக ஒரு சின்னக் குப்பி இருக்கும். காற்று குப்பியின் மேலே போய்த் தங்கிவிடும், அடியிலிருந்து ரத்தம் மட்டும் போகும். காற்று எப்போதும் மேலேதான் போகும். வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே இதைத்தான். இவளுக்கோ ரேடியேட்டர் அடியில் படுத்திருக்கிறது. உச்சியில் இருப்பது பம்ப். உள்ளே இருக்கிற காற்றெல்லாம் வேறு எங்கே போகும்?

"உள்ள காத்து இருக்குங்க. அது பம்புல போய் உக்காந்துக்கிச்சு" என்றேன்.

இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது சீல் பண்ணது. கம்பெனிலயே தண்ணிய ஊத்தி அடைச்சுதான் அனுப்புவாங்க. உனக்கு இதெல்லாம் தெரியாது, விடு."

அந்த "உனக்குத் தெரியாது" எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடைத்து சீல் வைத்து வருகிற பையிலும் குழாயிலும் காற்று இருக்கத்தான் செய்கிறது. தினமும் அதைத் தட்டித் தட்டி வெளியேற்றுவதே என் வேலை. வேறொரு நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அன்று போகவில்லை.

"எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியும். சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க ஊதுவத்தியக் கொளுத்தி எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வாங்க."

"இப்பவா? எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்."

வேறு வழி தெரியாமல் வந்தார். அடுப்பு முன்னால் நான் நிற்கிற இடத்தில் அவரை நிறுத்தினேன். மிளகாய் நெடி ஏறியதும் இரண்டு தும்மல் போட்டார். கையிலிருந்த ஊதுவத்தியின் புகை நேராக மேலே போனது. கூரையில் முட்டியது. நாலாபக்கமும் பரவியது. போக வழி இல்லாமல் சுவரோரமாக இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றது. அவர் கொஞ்சம் நகர்ந்து பார்த்தார். அங்கேயும் வந்தது.

பெட்டிக்குள் காற்று போகும் வழி தெரிந்த ஆளுக்கு இது புரியாமல் இருக்குமா? மெதுவாகத் தலையைத் தூக்கி அந்தக் காலண்டர் அட்டையைப் பார்த்தார். பிறகு ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி, "இங்க சூடு வெளிய போறதுக்கு வழியே இல்லையே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாயால் வந்த அழுகை இல்லை என்று அவரிடமே சொன்னேன். "அந்தப் பொட்டிக்குக் காத்து எப்படி வரணும், எப்படிப் போவணும்னு மாசக்கணக்கா யோசிச்சீங்க. சாமி மேல அனல் படுதுன்னு அத்தை ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாத்தையும் பிரிச்சு மாட்டுனீங்க. நானும் இந்த வீட்லதாங்க இருக்கேன். நான் இருமுனா அது உங்க காதுல விழறதே இல்லையா?"

அவர் ஊதுவத்தியை என் கையில் கொடுத்தார். அரிசி டப்பாவின் மேல் ஏறி நின்று காலண்டர் அட்டையைப் பிடித்து இழுத்தார். புறா இறகும் சருகும் தலையில் கொட்டின. வெளியிலிருந்து ஒரு துண்டு வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஊதுவத்திப் புகை கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அந்த ஓட்டைப் பக்கமாக வளைய ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுப்பை அணைத்துவிட்டு நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். சாமிக்கும் அனல் படக் கூடாது, பம்பும் உச்சியில் இருக்கக் கூடாது. அதனால் ரேடியேட்டரைப் பெட்டியின் முன்பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தச் சொன்னேன். அதன் தலை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், குழாய்கள் சேரும் முனை அடியில் இருக்க வேண்டும். அப்போது காற்று ரேடியேட்டரின் தலைக்குப் போய்த் தங்கும், அடியிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடும். எங்கள் குப்பியின் கதைதான். "குழாய் தொங்கி அசிங்கமா இருக்குமே" என்று ஒரு முறை முனகினார். நான் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டார்.

மாட்டி முடித்து, மெதுவாக ஓடவிட்டோம். பெட்டியை லேசாக முன்னும் பின்னும் சாய்க்கச் சொன்னேன். வார்டில் செய்கிற மாதிரியே உள்ளங்கையால் ரேடியேட்டரைப் பக்கவாட்டில் தட்டினேன். 'களக்' என்று ஒரு பெரிய சத்தம் வந்தது, பிறகு குட்டிக் குட்டியாக நாலைந்து. அதன் பிறகு சத்தமே இல்லை. என் சக்களத்தியை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் இதத்தான் பண்றியா?" என்று கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் அப்படி நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. மதியச் சாப்பாடு முடியும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். படம் ஒரு பக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று சாயங்காலம் ஃபேன் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பெட்டியோடு கூடுதலாக வந்திருந்த இரண்டு விளக்கு விசிறிகளை எடுத்து, அதே காலண்டர் அட்டையில் ஓட்டை வெட்டிப் பொருத்தி, சுவர் ஓட்டையில் மாட்டிவிட்டார். அவை இழுத்தது கைக்குட்டை அளவு புகைதான். சமையலறை முழுக்க ஊதாவும் பச்சையுமாக ஜொலித்ததுதான் மிச்சம். அவளுடைய நகையைக் கழற்றி எனக்குப் போட்ட மாதிரி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த வாரம் நிஜமான எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. அந்தத் திங்கட்கிழமை படமும் நல்லபடியாக ஓடியது, வேலையும் கையை விட்டுப் போகவில்லை.

மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இன்னமும் அவளுக்குத்தான் அந்த மெத்தென்ற துணி. எனக்கும் இன்னமும் அவளைப் பார்த்தால் ஆகாது. வடை சுட்ட அன்றைக்கு என் விரல்கள் அந்தக் கண்ணாடியில் விழத்தான் செய்கின்றன.

ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் சாதாரணமாக எனக்குத் தொண்டை கமறி ஒரு இருமல் வந்தது. அடுப்பில் அப்போது எதுவும் இல்லை. இவர் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது, நாற்காலி நகர்ந்தது. ஹெட்போனைக் கழுத்தில் தள்ளிவிட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று, முதலில் ஃபேனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை, போங்க என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் போன பிறகும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே நின்றேன். இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது அந்தக் கண்ணாடிக்கோ விளக்குக்கோ இல்லை, எழுந்து வருகிற அந்தக் காலடிச் சத்தத்துக்குத்தான் என்று இன்றைக்கும் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.